குதிரைக்கு ஐயாயிரம் சொந்தக்காரர்கள். கடிவாளம் யார் கையில்?

மில் கேட்டுக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் தம் செல்போனை நீட்டினார். "தோழர், அமெரிக்காவில் ரேஸ் குதிரையில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாமாம். கூலிக்காரனும் குதிரைக்கு முதலாளி ஆகிறானாம். நாம் மட்டும் எந்நேரமும் முதலாளி, தொழிலாளி என்றே பேசிக்கொண்டிருக்கிறோமே!" என்றார்.

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. 'எல்லோரும் பங்குதாரர், ஆகவே எல்லோரும் முதலாளி, ஆகவே வர்க்கம் என்பதே ஒழிந்தது' என்ற பிரசாரம் இன்று பல வேஷங்களில் வருகிறது. குதிரை லாயம் அந்த வேஷங்களில் ஒன்று. அந்த வேஷத்தைக் கலைத்துப் பார்ப்பது நம் கடமை. கணக்கோடு பார்ப்போம்.

லட்சத்தில் ஒரு துண்டு!

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆண்டுதோறும் நடப்பது கென்டக்கி டெர்பி. அந்நாட்டுப் பணக்காரர்களின் திருவிழா அது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் அது நடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அதே நகரில் பிரியானா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணைப் போலீஸ் அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றிருந்தது. அதற்கு நியாயம் கேட்டு மைதானத்துக்கு வெளியே மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உள்ளே குதிரைகள் ஓடின. 'ஆதென்டிக்' என்ற குதிரை ஜெயித்தது.

மறுநாள் பத்திரிகைகளில் கொண்டாட்டம்! குதிரைக்கு 5,314 சாமானியச் சொந்தக்காரர்களாம்! 'மைரேஸ்ஹார்ஸ்' என்ற கம்பெனி செல்போன் வழியே பங்கு விற்று இவர்களைச் சேர்த்தது. பந்தயமே ஜனநாயகமாகிவிட்டது என்று எழுதினார்கள்.

எப்படிப்பட்ட சொத்து அது? பங்கு ஒன்றுக்கு விலை 206 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15,000 ரூபாய். அதற்குக் கிடைப்பது குதிரையில் 0.001 சதவிகிதம். அதாவது குதிரையை ஒரு லட்சம் துண்டுகளாக்கினால் அதில் ஒரே ஒரு துண்டு! வாலில் ஒரு மயிருக்குச் சொந்தக்காரர் என்றால் தவறாகாது.

இந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் சேர்ந்து வைத்திருந்தது எவ்வளவு? வெறும் பன்னிரண்டரை சதவிகிதம். மீதி எண்பத்தேழரை சதவிகிதம் பெரிய லாயங்களிடமும் பெரும் பணக்காரக் கூட்டுகளிடமும் இருந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தது உண்மை. தேர்மேல் உட்கார்ந்திருந்தது யார் என்பதுதான் கேள்வி.

இன்னும் கணக்குப் பார்ப்போம். டெர்பியில் முதல் பரிசு 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர். லட்சத்தில் ஒரு துண்டுக்கு வருவது 18 டாலர் 60 சென்ட். பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் வழக்கப்படி பத்துப் பத்து சதவிகிதம் போனால் மிச்சம் 14 டாலர் 88 சென்ட். நம் பணத்தில் சுமார் 1,100 ரூபாய்! போட்டது பதினைந்தாயிரம், உலகப் புகழ் பெற்ற பந்தயத்தில் ஜெயித்துக் கிடைத்தது ஆயிரத்து நூறு!

"அது ஒரு பந்தயம்தானே?" என்று கேட்கலாம். அந்தக் குதிரை அதே ஆண்டு நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரும் பந்தயத்தையும் வென்றது. அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை' என்ற பட்டமும் பெற்றது. அது தன் வாழ்நாள் முழுவதும் ஓடிச் சம்பாதித்தது சுமார் 72 லட்சம் டாலர். அதில் ஒரு பைசாகூடச் செலவு கழிக்காமல் பங்கிட்டாலும் ஒரு துண்டுக்கு 72 டாலர்தான். போட்ட 206 டாலர் ஓட்டத்தால் திரும்பவில்லை. நாட்டிலேயே சிறந்த குதிரையின் கதி இது என்றால், தோற்றுப்போகும் ஆயிரக்கணக்கான குதிரைகளில் பங்கு வாங்கியவன் கதி என்ன?

இதே குதிரை 2018இல் குட்டியாக ஏலத்தில் போன விலை 3,50,000 டாலர். பங்கு ஒன்று 206 டாலர் என்றால் லட்சம் துண்டுகளுக்கு 2 கோடியே 6 லட்சம் டாலர். இடையில் அது சில பந்தயங்களில் ஜெயித்தது உண்மை. பங்கு விலையில் சில்லறைச் செலவுகளும் அடங்கியிருக்கலாம். இருக்கட்டும். ஏறக்குறைய 59 மடங்கு விலை ஏறிய பிறகு சாமானியனுக்குக் கதவு திறந்தார்களே, அதைக் கவனியுங்கள். மலிவாக இருந்தபோது அவனை யாரும் கூப்பிடவில்லை!

லாபம் ஓடுகளத்தில் இல்லை

அப்படியானால் பெரிய லாயங்களுக்கு லாபம் எங்கே? ஓடுகளத்தில் அல்ல, பொலிகுதிரைக் கொட்டிலில் இருக்கிறது.

கிராமத்துத் தோழர்களுக்குப் பொலிகாளை தெரியும். பசுவை ஓட்டிக்கொண்டு போனால் இவ்வளவு என்று வாங்குவார்கள். குதிரை உலகிலும் அதே தொழில்தான். ஆனால் தொகையைப் பாருங்கள்: ஆதென்டிக் குதிரை ஓட்டத்தை நிறுத்திக்கொண்ட பிறகு 2021க்கு நிர்ணயித்த கட்டணம் 75,000 டாலர். ஒரு பெட்டைக்கு இந்தக் கட்டணம்! நூறு பெட்டைகள் குட்டி போட்டால் ஆண்டுக்கு 75 லட்சம் டாலர். வாழ்நாள் முழுவதும் மூச்சுத் திணற ஓடிச் சம்பாதித்ததைவிட அதிகம், ஒரே பருவத்தில்!

இப்போது புரிகிறதா, மூன்று வயது முடியும் முன்பே சிறந்த குதிரைகள் களத்திலிருந்து மறைவது ஏன் என்று? ஓடினால் கால் முறியலாம். முறிந்தால் கோடிகள் போகும். ஆகவே நாலு பெரிய பந்தயங்களில் ஜெயிக்க வைத்து, விலை ஏற்றி, கொட்டிலில் கட்டு! பந்தயம் என்பது பொலிகுதிரை வியாபாரத்துக்கு விளம்பரமாகிவிட்டது. இந்த வியாபாரத்தில் எந்தக் குதிரை எப்போது ஓடும், எப்போது நிற்கும், எந்தக் கொட்டிலுக்கு, என்ன விலைக்குப் போகும் என்று தீர்மானிக்க ஒரு துண்டுக்காரனுக்கு ஓட்டு உண்டா? கிடையாது. தீர்மானம் எல்லாம் நிர்வாகக் கம்பெனியும் பெரிய லாயங்களும் செய்வது. துண்டுக்காரனுக்குப் படம் வரும், வாழ்த்துச் செய்தி வரும்.

இந்தக் கூட்டுமுறை நேற்றுப் பிறந்ததல்ல. 1973இல் 'செக்ரடேரியட்' என்ற அமெரிக்கக் குதிரையை 32 பங்குகளாக்கி, பங்கு ஒன்று 1,90,000 டாலருக்கு விற்றார்கள். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம். 1981இல் இங்கிலாந்து டெர்பியை வென்ற 'ஷெர்கார்' குதிரை 40 பங்குகளானது. பங்கு ஒன்று 2,50,000 பவுன். அந்தக் காலத்தில் யாரும் இதை ஜனநாயகம் என்று சொல்லவில்லை. பணக்காரர்கள் நஷ்டப் பயத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்று நேராகவே சொன்னார்கள். இப்போது நஷ்டப் பயத்தைக் கீழே, குமாஸ்தாவின் தலையிலும் லாரி டிரைவரின் தலையிலும் இறக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்பாடு பழையது, பெயர்தான் புதிது.

சின்னவனை விழுங்கும் பெரிய லாயம்

பெரிய கூட்டுகள் வந்தபின் குதிரைத் தொழில் என்ன ஆயிற்று? நம் கைத்தறிக்காரனுக்கு மில் வந்தபின் என்ன ஆயிற்றோ அதுதான் ஆயிற்று.

அயர்லாந்து நாட்டில் டிப்பரரி மாவட்டத்தில் இருக்கிறது கூல்மோர் என்ற மாபெரும் குதிரைப் பண்ணை. 1970களின் நடுவில் வின்சென்ட் ஓ பிரையன் என்ற பயிற்சியாளர், ராபர்ட் சாங்ஸ்டர் என்ற சூதாட்டக் கம்பெனி வாரிசு, ஜான் மக்னியர் என்ற பண்ணைக்காரர் ஆகிய மூவரும் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். அமெரிக்க ஏலங்களில் நல்ல வம்சத்துக் குட்டிகளை மொத்தமாக வாங்கு. ஐரோப்பாவில் ஜெயிக்க வை. பொலிகுதிரையாகப் பங்கு போட்டு விற்றுவிடு. 'தி மின்ஸ்ட்ரல்' என்ற குட்டியை 1975இல் 2 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 1977இல் அது இங்கிலாந்து டெர்பியை வென்றது. பிறகு அதன் மதிப்பு 90 லட்சம் டாலர்!

உடனே எண்ணெய் தேசத்து ஷேக்குகளும் ஏலத்தில் குதித்தார்கள். போட்டி வெறியாயிற்று. 1983இல் 'ஸ்நாஃபி டான்சர்' என்ற குட்டியைத் துபாய் ஷேக் வாங்கிய விலை 1 கோடியே 2 லட்சம் டாலர். அந்தக் குதிரை ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை! 1985இல் சாங்ஸ்டர் கூட்டம் இன்னொரு குட்டிக்குக் கொடுத்த விலை 1 கோடியே 31 லட்சம் டாலர். அது வென்றதோ இரண்டே பந்தயங்கள்.

வெறி அடங்கியபோது சந்தை சரிந்தது. 1986இல் வட அமெரிக்காவில் பதிவான பந்தயக் குட்டிகள் 51,000க்கு மேல். 2020களில் அது 20,000க்கும் கீழே இறங்கிவிட்டது. குட்டி வளர்த்துப் பிழைத்த சின்னப் பண்ணைக்காரன் போனான். பத்துக் குதிரை வைத்துப் பயிற்சி கொடுத்தவனும் போனான். சூதாட்ட மிஷின்களும் ஜனங்களின் ரசனை மாற்றமும்கூட இதற்குக் காரணம்தான். நாம் எல்லாப் பழியையும் கூட்டுகள்மேல் போடவில்லை. ஆனால் சுருங்கிய தொழிலில் யார் சுருங்கினார்கள், யார் பெருத்தார்கள்?

பதிலைக் களத்திலேயே பாருங்கள். 2013 கென்டக்கி டெர்பியில் ஓடிய குதிரைகள் 19. அதில் 5 ஒரே பயிற்சியாளருடைய லாயத்திலிருந்து வந்தவை. 2019 இங்கிலாந்து டெர்பியில் ஓடியவை 13. அதில் 7 கூல்மோர் கூட்டத்துக்குப் பயிற்சி தரும் ஒரே லாயத்தின் குதிரைகள்! ஜெயித்ததும் அவற்றில் ஒன்றுதான். ஒரே வீட்டார் ஏழு பேர் ஓடும் பந்தயத்தைப் போட்டி என்று யார் சொல்வது? ஒரே முதலாளி ஏழு பெயரில் டெண்டர் போடுவதை நாம் பார்த்ததில்லையா?

அன்று ஜெயித்த 'ஆண்டனி வான் டைக்' என்ற குதிரையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தில் அதன் கால் முறிந்தது. அதே இடத்தில் அதைக் கொன்றுவிட்டார்கள். கலிபோர்னியாவில் சாண்டா அனிதா என்ற ஒரே மைதானத்தில் 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜூன் வரை செத்த குதிரைகள் 30. வாயில்லா ஜீவன் சங்கம் வைக்க முடியாது!

சட்டமும் அவர்கள் பக்கம்

"அளவு மீறினால் தட்டிக்கேட்க அமைப்பு இல்லையா?" என்று கேட்கலாம். இருந்தது, கேட்டும் பார்த்தது. கதை இதோ.

அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவேட்டை வைத்திருப்பது ஜாக்கி கிளப். அது ஒன்றும் தொழிலாளர் சங்கமல்ல. பரம்பரைக் கனவான்களின் கூடாரம். அவர்களுக்கே பயம் வந்துவிட்டது. 2007இல் 140க்கு மேற்பட்ட பெட்டைகளோடு சேர்க்கப்பட்ட பொலிகுதிரைகளிடம் போனவை மொத்தப் பெட்டைகளில் ஒன்பதரை சதவிகிதம். 2019இல் அது 27 சதவிகிதம்! நாலைந்து பண்ணைகளின் சில குதிரைகளே நாட்டுக் குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் என்றால் இனம் நலியும் என்று எந்த மாட்டுக்காரனும் சொல்வான். 2020இல் ஜாக்கி கிளப் ஒரு விதி போட்டது: அவ்வாண்டிலிருந்து பிறக்கும் பொலிகுதிரை ஒன்றுக்கு வருஷம் 140 பெட்டைதான்.

பொறுப்பார்களா பெரியவர்கள்? 2021 பிப்ரவரியில் மூன்று பெரிய பண்ணைகள் கோர்ட்டுக்குப் போயின. அவற்றில் ஒன்று கூல்மோரின் அமெரிக்கக் கிளையான ஆஷ்ஃபோர்டு. இன்னொன்று ஸ்பெண்ட்திரிஃப்ட், 5,314 சாமானியர்களோடு ஆதென்டிக் குதிரையைப் பங்கிட்டுக்கொண்ட அதே 'ஜனநாயகப்' பண்ணை! கென்டக்கி மாநிலச் சட்டசபையிலும் மசோதா கிளம்பியது. 2022 பிப்ரவரியில் ஜாக்கி கிளப் விதியை வாபஸ் வாங்கிக்கொண்டு வாய் மூடியது. இந்த வழக்குப் போடலாமா என்று 5,314 'முதலாளி'களில் ஒருவரையாவது யாராவது கேட்டார்களா?

அயர்லாந்தில் இன்னும் விசேஷம். 1969இல் அந்நாட்டு நிதி மந்திரி சார்லஸ் ஹாகே கொண்டுவந்த சட்டப்படி, பொலிகுதிரைக் கட்டண வருமானத்துக்கு வரியே கிடையாது! தொழிலாளி தன் வாரக் கூலியிலிருந்து வரி கட்டினான்; குதிரைப் பண்ணைக்காரன் கோடிகளை வரியில்லாமல் எடுத்துச் சென்றான். ஐரோப்பிய கமிஷன் நெருக்கிய பிறகு 2008இல்தான் அது முடிந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள்! ஏகபோகம் தன் திறமையால் வளர்கிறது என்கிறவர்கள் இந்த முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

விடியுமுன் எழுகிறவன்

இனி நம் வர்க்கத்துக்கு வருவோம். படங்களில் குதிரையைப் பார்க்கிறோம். ஜாக்கியின் பட்டுச் சட்டையைப் பார்க்கிறோம். கோப்பையைத் தூக்கும் கோட்டுக்காரனைப் பார்க்கிறோம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறானே ஒருவன், அவன் யார்?

அவன்தான் லாயத் தொழிலாளி. விடியுமுன் எழுந்து நாலைந்து குதிரைகளுக்குத் தீனி வைத்து, சாணம் அள்ளி, குளிப்பாட்டி, காலுக்குக் கட்டுப் போட்டு, இரவில் குதிரைக்கு நோவு என்றால் கூடவே விழித்திருப்பவன். அமெரிக்கப் பந்தய மைதானங்களின் பின்கட்டில் இந்த வேலை செய்கிறவர்களில் மிகப் பலர் மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மைதானத்துக் கொட்டடிகளிலேயே பலர் தங்குகிறார்கள். தற்காலிக விசாவில் வருகிறவர்களுக்கு எந்த முதலாளி பெயரில் விசாவோ அந்த முதலாளியிடம்தான் வேலை. வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் நாட்டைவிட்டே போகவேண்டும். நம் முன்னோர்கள் கங்காணியின் கீழ்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதை நினைவுக்கு வருகிறதா?

2019இல் அமெரிக்கத் தொழில் இலாகா, நியூயார்க் வட்டாரத்தின் முன்னணிப் பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்தது. லாயத் தொழிலாளிகளுக்குச் சேரவேண்டிய கூலிப் பாக்கி, அபராதம் எல்லாமாகச் சேர்த்து சுமார் 16 லட்சம் டாலர் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். ஏதோ நொடித்துப்போன சின்ன லாயம் அல்ல அது; கோடீசுவரர்களும் பெரிய கூட்டுகளும் குதிரை அனுப்பும் லாயம்! லட்சக்கணக்கில் கொடுத்துக் குதிரை வாங்கக் காசு இருந்தது. அதைத் தேய்த்துக் குளிப்பாட்டியவனுக்கு ஓவர்டைம் கொடுக்கத்தான் காசு இல்லை!

சங்கம் வைக்கலாமே? இங்கேதான் முதலாளித்துவ ஜனநாயகத்தின் முகம் தெரிகிறது. அமெரிக்காவில் சங்க உரிமைகளைக் காக்க தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் என்ற ஒன்று இருக்கிறது. அந்த வாரியம் 1973இல் ஒரு விதி செய்தது: குதிரைப் பந்தயத் தொழில் விவகாரங்களில் தலையிடமாட்டோம்! மில் தொழிலாளி போகக்கூடிய வாசல் லாயத் தொழிலாளிக்கு அடைபட்டது. செக்ரடேரியட் குதிரையை 60 லட்சம் டாலருக்குப் பங்கு போட்டதும் அதே 1973ஆம் ஆண்டில்தான். குதிரையில் பங்குபெற வழி பிறந்தது. அதைப் பராமரிப்பவனின் உரிமைக்கு வழி அடைபட்டது.

நம் ஊர்க் கணக்கு

"அமெரிக்காக் குதிரை நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்களே, கிண்டியைப் பாருங்கள்.

சென்னையின் நெஞ்சில் 160 ஏக்கர் சர்க்கார் நிலம். 1945இல் செய்த ஏற்பாட்டின்படி 1946லிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு ரேஸ் கிளப்பிடம் போனது. வருஷக் குத்தகை எவ்வளவு? 614 ரூபாய் 13 அணா! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. தஞ்சைத் தரணியில் எந்தக் குத்தகை விவசாயிக்காவது இந்தக் கணக்கில் ஒரு குழி நிலம் கிடைத்ததுண்டா? பல மடங்கு உயர்த்திக் கேட்டபோது கிளப் கட்டவில்லை. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் தமிழக சர்க்கார் குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. விவகாரம் மறுபடி கோர்ட்டு ஏறியது.

இங்கே எத்தனை கூலி உறைகள் வீட்டுக்குப் போகாமல் கிண்டியோடு நின்றன! பின்னி மில்லிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் வேலை செய்த பழைய தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அந்தக் கொடுமையை நிறுத்தத்தான் 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையால் நடக்கும் விளையாட்டு, ஆகவே சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரைக்குத் திறமை உண்டு, ஜாக்கிக்கும் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கூலியைக் கொண்டுபோய்க் கட்டியவன் குடும்பம் பட்டினி கிடந்ததே, அது எந்தத் திறமையின் விளைவு?

பழைய சூதில் ஒரு நாள் கூலி போயிற்று. புதிய பங்குச் சூதில் சேமிப்பும் போகும். கூடவே 'நான் முதலாளி' என்ற மயக்கமும் வரும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பணம் இழந்தவன் மறுபடி சங்கத்துக்கு வருவான். தன்னை முதலாளியாக நினைத்துக்கொண்டவன் லாயத் தொழிலாளியின் ஓவர்டைமைத் தன் லாபத்துக்கு விரோதி என்று பார்ப்பான்!

லெனின் காட்டிய வழி

நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோழர் லெனின் இதைக் கண்டார். 1916இல் எழுதிய 'ஏகாதிபத்தியம்' நூலில் அவர் விளக்குகிறார்: பங்குகளைச் சின்னச் சின்னதாக்கிச் சிதறவிடுவதால் முதலாளித்துவம் ஜனநாயகமாகிவிடாது. சிதறிக் கிடக்கும் சில்லறைப் பங்குக்காரர்கள் கூடிப் பேசவோ தீர்மானிக்கவோ முடியாது. ஆகவே பாதிக்கும் குறைவான பங்கை வைத்திருக்கும் பெருமுதலாளி முழுவதையும் ஆட்டிவைக்கிறான். அடுத்தவன் பணத்தையும் தன் அதிகாரமாக்கிக்கொள்கிறான். குதிரைக் கூட்டு இதற்கு நல்ல உதாரணம். பன்னிரண்டரை சதவிகிதத்தை ஐயாயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கடிவாளத்தில் ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை.

"குதிரைமேல் ஆசை இருப்பவன் சந்தோஷத்துக்கு வாங்கிவிட்டுப் போகட்டுமே" என்பார்கள் சிலர். தாராளமாக வாங்கட்டும். சினிமாவுக்கு டிக்கெட் வாங்குவதுபோல் வாங்கட்டும். சினிமாக் கொட்டகைக்குச் சொந்தக்காரன் என்று மட்டும் நம்பவேண்டாம். "பந்தயத்தைக் குறை சொன்னால் லாயத் தொழிலாளி பிழைப்பு என்னாவது?" என்பார்கள் வேறு சிலர். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழும் கதை இது! அவன் கூலிக்காக ஒருநாளும் வாய் திறக்காதவர்கள், கிளப்புக்கு ஆபத்து என்றதும் அவனை முன்னால் தள்ளுகிறார்கள். நாம் சொல்கிறோம்: கிண்டி நிலம் மக்களுக்கு வரட்டும். அங்கே குதிரை தேய்த்தவர்களுக்கும் சாணம் அள்ளியவர்களுக்கும் மாற்று வேலையும் பணிக்கொடையும் முதலில் உறுதியாகட்டும். கோர்ட்டில் யார் ஜெயித்தாலும் தொழிலாளி தெருவில் நிற்கக்கூடாது.

டீக்கடையில் கேள்வி கேட்ட இளந்தோழருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மில்லில் ஓடும் ஸ்பிண்டில்களில் ஒன்றை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் நீங்கள் மில் முதலாளி ஆவீர்களா? ஷிப்டு நேரத்தை, கூலியை, ஆட்குறைப்பைத் தீர்மானிப்பது யாரோ அவர்தான் முதலாளி. அந்தத் தீர்மானத்தில் நமக்கு ஒரு குரல் வேண்டுமானால் அதைச் செல்போனில் 15,000 ரூபாய் கொடுத்து வாங்க முடியாது. சங்கச் சந்தா அதைவிடக் குறைவு. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு ஓட்டு உண்டு. லட்சத்தில் ஒரு துண்டல்ல!

அடுத்த கேட்டுக் கூட்டத்துக்கு அந்தத் தோழர் தம் ஷிப்டுக்காரர்களையும் அழைத்து வரட்டும். இந்தக் கணக்கை அவரே எல்லோருக்கும் சொல்லட்டும்.